கல்லிலே நார் உரித்த ஊர்!

எங்கள் ஊரில் ஒரு வட்டிக்கடைக்காரர் இருந்தார். 'அந்த ஆளா? கல்லிலே நார் உரிச்சிடுவாரே!' என்பார்கள். பைசா பெயராத இடத்திலும் வசூல் பண்ணிவிடுவார் என்று அர்த்தம். கல்லில் ஏது நார், சும்மா ஒரு பழமொழி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பி.காம். பாடத்தில் கல்லைப் பற்றி எதுவும் வராது. வந்திருந்தாலும் அன்றைக்கு நான் மேட்னி ஷோவுக்குப் போயிருப்பேன்.

நிஜமாகவே கல்லில் நார் இருக்கிறது ஸார். பெயர் ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்களும் நானும் அதற்குக் கீழேயே படுத்துத் தூங்கியிருக்கிறோம். திருவல்லிக்கேணி மான்ஷனில் மொட்டைமாடி ரூம் எடுத்துத் தங்கிய பிரம்மச்சாரிகளுக்குச் சொல்லவே வேண்டாம். மே மாதம் மத்தியானம் அந்த ஷீட்டுக்குக் கீழே மாவு வைத்தால் இட்லியாகவே எடுத்துவிடலாம். மூன்று வருஷம் அங்கே வெந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணி வரை தூங்குவது என்ற என் வாராந்திர லட்சியத்தை 'ஙொய்ய்ய்ங்' என்று ஒரு சத்தம் கெடுத்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தால், கீழே ஹவுஸ் ஓனர் வீட்டுக் கார் ஷெட். பழைய ஷீட்டை இறக்கிப் போட்டு, கட்டிங் மிஷினால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கோழிக் கூண்டுக்குக் கூரையாகப் போடலாமாம். வெள்ளை வெளேரென்று தூள் புகையாகக் கிளம்பி மாடி வரை வந்தது. அறுத்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். தலைமுடி, புருவம், முளைத்தும் முளைக்காத மீசை எல்லாம் வெள்ளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு அறுபது வயசாகிவிட்டது.

ஜன்னலைச் சாத்திவிட்டு, அது என்ன தூள் என்று படிக்க உட்கார்ந்தேன். ஒரு ஊரில் போய் மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியவில்லை.

★ ★ ★

ஊர் பேர் விட்டனூம். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம், பில்பரா என்கிற பிரதேசத்தில் இருக்கிறது. தப்பு. இருந்தது. பெர்த் நகரத்திலிருந்து வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே போக வேண்டும். சிவப்பு மலை, சிவப்பு மண், அடுப்பு மாதிரி வெயில். அந்த மலை இடுக்குகளில், பாறை அடுக்குகளுக்கு நடுவே ஒரு நீலக் கோடு. நகத்தால் கீறினால் பஞ்சு மாதிரி நார் நாராகப் பிரியும். நெருப்பில் போட்டாலும் எரியாது. நீலக் கல்நார்.

1930-களின் கடைசியில் லாங் ஹான்காக் என்கிற பண்ணைக்காரர் இதைத் தோண்ட ஆரம்பித்தார். (இவர் பிற்பாடு இரும்புத் தாதுவில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்.) 1943-ல் ஒரு பெரிய கம்பெனி உள்ளே வந்தது. என்ன கம்பெனி தெரியுமோ? காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. சுருக்கமாக சி.எஸ்.ஆர். ஆமாம், சர்க்கரைக் கம்பெனி! சர்க்கரை காய்ச்சுகிறவர்களுக்குக் கல்லில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காமர்ஸில் இதற்கு டைவர்ஸிஃபிகேஷன் என்று பெயர். கேள்வித்தாளில் ஐந்து மார்க்.

அது உலக யுத்த நேரம். கப்பலுக்கு, பாய்லருக்கு, குழாய்க்கு என்று கல்நாருக்கு ஏகக் கிராக்கி. விஷவாயுவிலிருந்து தப்பிக்கப் போட்டுக்கொள்ளும் முகமூடியின் ஃபில்டரில்கூட இந்த நீல நாரை வைத்தார்கள். சிரிப்பு வரவில்லை, இல்லையா?

1947-ல் சுரங்கத்துக்காக ஒரு ஊரையே கட்டினார்கள். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சினிமா, குதிரைப் பந்தய மைதானம். ஐம்பதுகளில் பில்பராவிலேயே பெரிய ஊர் விட்டனூம்தான். ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். யுத்தத்தில் வீடு வாசல் இழந்து ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கிடைத்தார்கள். இத்தாலிக்காரர்கள், போலந்துக்காரர்கள், யூகோஸ்லாவியாக்காரர்கள். இரண்டு வருஷ கான்ட்ராக்ட். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினால் நாலு காசு சேரும், ஒரு வீடு வாங்கலாம், ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம். துபாய்க்கும் குவைத்துக்கும் ஃப்ளைட் ஏறுகிற நம் பையன்களின் அதே கணக்குதான். தேசம்தான் வேறே.

சுரங்கத்துக்குள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. நீலக் கோடு மெல்லிசு என்பதால், அது இருக்கிற அளவுக்கு மட்டும் குடைவார்கள். குனிந்தும் தவழ்ந்தும்தான் வேலை. வெளியே மில்லில் கல்லை நொறுக்கி நாரைப் பிரித்து, சாக்கு மூட்டையில் அடைப்பார்கள். மில்லுக்குள் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குத் தூசி. மூட்டைகள் லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போகும். அங்கே ஏற்றி இறக்குகிற தொழிலாளிகளின் தோளிலும் தூசி. அந்த மண்ணுக்கே சொந்தக்காரர்களான பஞ்ஜிமா பூர்வகுடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலம் அது. அவர்கள் குடித்த தண்ணீர், நடந்த பாதை எல்லாவற்றிலும் தூசி.

மிச்சமான கல்தூளை என்ன செய்வது? இங்கேதான் கம்பெனிக்கு ஒரு 'நல்ல' யோசனை. சும்மா கிடக்கிறதே என்று ஊர் முழுக்கப் பரப்பினார்கள். சாலைக்கு, நடைபாதைக்கு, பந்தய மைதானத்துக்கு, பள்ளிக்கூட விளையாட்டுத் திடலுக்கு, வீட்டுக் கொல்லைக்கு. சிவப்புப் புழுதி அடங்கி ஊர் சுத்தமாக இருக்கிறதென்று ஜனங்களுக்கும் சந்தோஷம். குழந்தைகள் நம் வீட்டுப் பிள்ளைகள் மணலில் விளையாடுகிற மாதிரி அதில் புரண்டார்கள். திருவிழா மாதிரி ஒரு நாளில், கல்தூளை மண்வாரியால் அள்ளி யார் முதலில் டிரம்மை நிரப்புகிறார்கள் என்று போட்டியே நடத்தினார்கள். 1962-ல் எடுத்த படம் இருக்கிறது. சட்டையில்லாத வாட்டசாட்டமான ஆட்கள், சுற்றி நின்று கைதட்டுகிற கூட்டம். சந்தோஷமான படம் ஸார் அது. அதனால்தான் பார்க்க முடியவில்லை.

★ ★ ★

'பாவம், அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தெரியும்!

1924-லேயே இங்கிலாந்தில், ராச்டேல் என்ற ஊரில் கல்நார் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்கிற பெண் செத்துப்போனார். அவர் நுரையீரலில் கல்நார் துகள் இருந்ததை டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மருத்துவப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டார். 1930-ல் இங்கிலாந்து அரசாங்கமே ஆய்வு நடத்தி, இந்தத் தூசி நுரையீரலைக் கெட்டியாக்கிவிடுகிறது என்று அறிக்கை கொடுத்தது. விட்டனூமில் சர்க்கரைக் கம்பெனி கால் வைப்பதற்கு 13 வருஷம் முன்னாடி.

1948-ல் எரிக் செயின்ட் என்ற டாக்டர் விட்டனூமுக்கு வந்தார். தூசியைப் பார்த்தார். வெலவெலத்துப் போனார். இப்படியே விட்டால் உலகம் இதுவரை பார்க்காத அளவுக்குச் சாவு விழும் என்று சுகாதார இலாகாவுக்கு எழுதினார், கம்பெனிக்காரர்களிடமும் சொன்னார். அடுத்து வந்தவர் ஜிம் மெக்நல்டி. சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதிக்கிற அரசாங்க டாக்டர். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அவரும் எழுதி எழுதி அலுத்தார். 1962-ல் விட்டனூம் தொழிலாளி ஒருவருக்கு வந்த புற்றுநோயைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் கட்டுரையே போட்டார். சுரங்கம் நிற்கவில்லை. இன்வர்டில் வாங்கி, நம்பர் போட்டு, ஃபைலில் சொருகியாகிவிட்டது. ஆபீஸில் குப்பை கொட்டுகிற நமக்குத் தெரியாதா, ஃபைல் தூங்குகிற அழகு!

1960-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னர் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயங்கரம். அங்கேயும் நீலக் கல்நார் சுரங்கங்கள். மீசோதெலியோமா என்று ஒரு அபூர்வப் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வருவது. 33 பேருக்கு அது வந்திருக்கிறது. அதில் பல பேர் சுரங்கத்துக்குள் காலே வைக்காதவர்கள்! சுரங்கத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள், சின்ன வயசில் கழிவுக் குவியலில் சறுக்கி விளையாடியவர்கள்.

அதாவது இந்த நோய்க்கு மஸ்டர் ரோல் கிடையாது. சம்பளம் வாங்கினாயா, வாங்கவில்லையா என்றெல்லாம் பார்க்காது.

★ ★ ★

உள்ளே என்னதான் நடக்கிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

இந்த நார் நம் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தும்மல்கூட வராது. மூச்சோடு நேரே நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். அந்நியப் பொருள் எது வந்தாலும் விழுங்கிச் செரிக்க உடம்பில் காவல்கார செல்கள் உண்டு. அவை நாரை விழுங்கப் பார்க்கும். முடியாது. நார் நீளம், செல் சின்னது. ஊசியை விழுங்கப் போன பாம்பு மாதிரி செல்லே கிழிந்து சாகும். இன்னொரு செல் வரும். அதுவும் சாகும். இந்தச் சண்டை வருஷக்கணக்காக நடந்து, அந்த இடம் தழும்பாகிக் கெட்டிப்படும். பஞ்சு மாதிரி விரிய வேண்டிய நுரையீரல் காய்ந்த ஸ்பாஞ்ச் ஆகிவிடும். இது ஆஸ்பெஸ்டோஸிஸ். மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கும். அப்புறம் சட்டைப் பித்தான் போடவே மூச்சு வாங்கும்.

இது போக நுரையீரல் புற்றுநோய். இது போக மீசோதெலியோமா. கடைசியில் சொன்னது வந்தால், பல பேருக்கு ஒரு வருஷம் ஓடுவதே கஷ்டம்.

சிகரெட் பிடிக்கிற நண்பர்கள் ஒரு நிமிஷம் கவனிக்கவும். 1979-ல் அமெரிக்கக் கல்நார் தொழிலாளர்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். சிகரெட்டும் இல்லை, கல்நாரும் இல்லை என்கிற ஆளோடு ஒப்பிட்டால், கல்நார்த் தூசியில் வேலை பார்த்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 5 மடங்கு. சிகரெட் மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 15 என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, 50-க்கும் மேலே! கூட்டல் இல்லை ஸார், பெருக்கல். கூட்டு வட்டியைக்கூடத் தூக்கிச் சாப்பிடுகிற கணக்கு.

இதில் பெரிய சூழ்ச்சியே காலம்தான். தூசியைச் சுவாசித்த மறுநாள் இருமல் வந்தால், எவனும் மூன்றாம் நாள் வேலைக்குப் போக மாட்டான். ஆனால் நோய் தலைகாட்ட 20 வருஷம் ஆகும், 30 ஆகும், 50-கூட ஆகும். இன்றைக்கு எடுத்துக்கொள், பேரன் பிறந்தபிறகு கட்டு என்கிற இ.எம்.ஐ. விட்டனூமில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, காசு சேர்த்து, பெர்த்தில் வீடு வாங்கி, தோட்டத்தில் ரோஜா வைத்து, ரிடையராகி உட்கார்ந்த ஆளின் கதவை ஒரு நாள் அது தட்டும். அவர் துணியை உதறித் துவைத்த மனைவியின் கதவையும் தட்டும். திடலில் புரண்ட மகளின் கதவையும் தட்டும்.

★ ★ ★

1966 டிசம்பரில் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாடா, கடைசியில் மனசு வந்ததே என்று நினைத்தேன். காரணத்தைப் படித்தேன். லாபம் இல்லையாம்! நஷ்டத்தில் ஓடிய சுரங்கம்.

நான் காமர்ஸ் படித்தவன். வருஷ முடிவில் கணக்கை மூடும்போது, இன்னும் பில் வராத செலவையும் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கரண்ட் பில் பாக்கி, சம்பள பாக்கி எல்லாம் எழுதுவோம். அந்தச் சுரங்கத்தில் சுமார் 7,000 பேர் வேலை பார்த்தார்கள். குடும்பத்தோடு சேர்த்து சுமார் 20,000 பேர் அந்த ஊரில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய மூச்சை எந்த வருஷத்து பேலன்ஸ் ஷீட்டிலும் யாரும் பாக்கி என்று எழுதவில்லை. எழுதியிருந்தால், முதல் வருஷமே அந்தக் கம்பெனி திவால்.

பில் பிறகு வந்தது. 1988-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னன. தெரிந்தே செய்தது என்பதற்காக, ஒரு வழக்கில் நஷ்ட ஈட்டுக்கு மேல் தண்டனையாகத் தனியாக 2,50,000 டாலர் கட்டச் சொன்னார்கள். 1990-ல் 'மிட்நைட் ஆயில்' என்கிற ஆஸ்திரேலிய ராக் இசைக் குழு இந்தச் சுரங்கத்தை வைத்து 'ப்ளூ ஸ்கை மைன்' என்று பாட்டுப் போட்டு, அது பட்டிதொட்டியெல்லாம் ஹிட். இதுவரை விட்டனூமால் செத்தவர்கள் 2,000-க்கும் மேலே.

ஊர் என்ன ஆயிற்று? 2006-ல் கரண்டைப் பிடுங்கினார்கள். 2007-ல் ஊர் என்ற அந்தஸ்தையே எடுத்துவிட்டார்கள். மேப்பிலிருந்தும், சாலை போர்டிலிருந்தும் பேர் போயிற்று. அப்படியும் நகர மாட்டேன் என்று சில பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொந்த வீட்டை விட்டுக் கிளம்புவது லேசா? 2022-ல் தனிச் சட்டம் போட்டு, கடைசியாக இருந்த ஒரு அம்மாளையும் வெளியேற்றினார்கள். அடுத்த வருஷம் மிச்சமிருந்த கட்டடங்களை இடித்தார்கள். ஆனால் மலை இடுக்கில் சுமார் 30 லட்சம் டன் கழிவு இன்னும் குவிந்துதான் கிடக்கிறது. மழை வந்தால் ஓடையில் கரைந்து கீழே இறங்குகிறது. பஞ்ஜிமா மக்கள், 'எங்கள் நிலத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

★ ★ ★

'அது ஆஸ்திரேலியா, நமக்கென்ன?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

ஜார்கண்டில் சாய்பாசாவுக்குப் பக்கத்தில் ரோரோ மலை இருக்கிறது. அங்கேயும் கல்நார் தோண்டினார்கள். 1983-ல் மூடிவிட்டுப் போனார்கள். கழிவை மலைச்சரிவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கீழே ஆதிவாசி கிராமங்கள், நெல் வயல்கள். விட்டனூம் கதையின் ஹிந்தி டப்பிங்.

1995 ஜனவரியில் நம் சுப்ரீம் கோர்ட் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நல ரெக்கார்டை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷமாவது, அல்லது ரிடையராகி 15 வருஷம் வரைக்குமாவது, எது அதிகமோ அதுவரை கம்பெனி பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று. ஏன் 40 வருஷம் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் தடை. கனடாவில் ஒரு ஊருக்குப் பேரே அஸ்பெஸ்டாஸ். உலகத்தின் பெரிய கல்நார்ச் சுரங்கங்களில் ஒன்று அங்கே இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு 2020-ல் ஓட்டுப் போட்டு ஊர்ப் பேரை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நாம் தோண்டுவதை விட்டோம், வாங்குவதை விடவில்லை. கப்பல் கப்பலாக வெள்ளைக் கல்நாரை இறக்கி, சிமெண்ட்டோடு சேர்த்து ஷீட் போடுகிறோம். வெள்ளை சாது, நீலம்தான் ரவுடி என்று ஒரு வாதம் உண்டு. நீலம் பெரிய ரவுடி என்பது உண்மைதான். ஆனால் எல்லா ரகமும் புற்றுநோய் தரும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. வேலைத்தலத்துக் கல்நாரால் உலகத்தில் வருஷத்துக்கு 2 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பதும் அவர்கள் கணக்குதான்.

உடனே அண்ணாந்து பார்த்து அலறாதீர்கள். உடையாமல், பொடியாமல் மேலே சும்மா கிடக்கிற ஷீட் நாரை அவ்வளவாக வெளியே விடாது, சிமெண்ட் பிடித்துவைத்திருக்கும். அறுப்பது, துளை போடுவது, உடைப்பது, தேய்ப்பது, காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவது, இதெல்லாம்தான் ஆபத்து. மாற்றியே ஆக வேண்டும் என்றால், தண்ணீர் ஊற்றி நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கர்ச்சீப் மாஸ்க் இல்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

★ ★ ★

அடுத்த ஞாயிறு. மறுபடி 'ஙொய்ய்ய்ங்'. மிச்சம் பாதி ஷீட். இந்தத் தடவை கீழே இறங்கிப் போனேன்.

"தம்பி, ஒரு நிமிஷம் நிறுத்துப்பா."

பையன் மிஷினை நிறுத்தினான். மூக்கில் கட்டியிருந்த கர்ச்சீப்பை இறக்கினான். "சத்தமா இருக்கா சார்? அரை அவர்ல முடிஞ்சிரும்."

"சத்தம் இல்லப்பா. இந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். கேன்சர் வரும்."

அவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி, "பத்து வருஷமா அறுக்கறோம் சார், ஒண்ணும் ஆவல" என்றார். ஒரு இருமல் இருமிவிட்டு பீடியைப் பற்ற வைத்தார்.

பையன் மட்டும் கேட்டான். "எவ்ளோ நாள்ல சார் வரும்?"

"உடனே வராது. முப்பது வருஷம் ஆகலாம்."

சிரித்தான். வெள்ளைப் புருவத்துக்குக் கீழே நல்ல சிரிப்பு. "முப்பது வருஷமா? அதுக்குள்ள ஊர்ல வீடு கட்டிருவேன் சார். தங்கச்சி கல்யாணமும் முடிஞ்சிரும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 1950-ல் ஒரு இத்தாலிக்காரப் பையனும் இதையேதான் வேறு பாஷையில் சொல்லியிருப்பான்.

"அந்த வீட்ல நீ இருக்க வேணாமாப்பா?" என்றேன்.

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நான் மாடிக்குப் போய் இரண்டு பக்கெட் தண்ணீரும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வைத்திருந்த இரண்டு மாஸ்க்கும் கொண்டுவந்தேன். ஹவுஸ் ஓனரிடம் பேசி, கோழிக் கூண்டுக்கு வேறு கூரை போடச் சம்மதிக்க வைத்தேன். (அடுத்த மாசம் வாடகை ஏறினால் காரணம் இதுதான்.) மீதி ஷீட்டை அறுக்காமல், நனைத்து, முழுசாகவே தூக்கி ஓரமாக வைத்து, தார்ப்பாயால் மூடினார்கள்.

போகும்போது பையன் குழாயடியில் தலையைக் கழுவினான். வெள்ளை எல்லாம் போய், கறுகறுவென்று இருபது வயசு திரும்ப வந்தது.

தலையில் இருந்தது போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனதைக் கழுவத்தான் குழாய் கிடையாது.